மக்களே சொந்தமாக நடத்தும் அமைப்பால் ஒரு பகுதியைத் தூக்கி நிறுத்த முடியுமா?

முடியும், நிலம் கைக்கு வந்தால். அது வராதவரை கூட்டம் போட்டுக் கலையலாம், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் லண்டன், தேம்ஸ் தென்கரையிலுள்ள காயின் ஸ்ட்ரீட். 1970களில் அங்கே ஆள் குறைந்து, கடைகளும் பள்ளிகளும் மூடிக்கொண்டிருந்தன. காலி மனைகளில் ஹோட்டலும் அலுவலகக் கோபுரங்களும் கட்டத் திட்டம் வந்தது. மிச்சமிருந்த குடும்பங்கள் 1977இல் ஒன்றுசேர்ந்து, “எங்களுக்கு வீடும் பூங்காவும்தான் வேண்டும்” என்று ஏழு வருடம் போராடின.

1984இல் லண்டன் பெருநகரக் கவுன்சில் அந்த 13 ஏக்கரையும் குடியிருப்பவர்களின் நிறுவனத்துக்கே விற்றது. விலை 10 லட்சம் பவுண்டு. அதையும் கடன் வாங்கித்தான் கட்டினார்கள். வீடு, பூங்கா மாதிரி உபயோகத்துக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டதால்தான் அவ்வளவு மலிவு. 1986இல் பிரதமர் தாட்சரின் அரசு அந்தக் கவுன்சிலையே கலைத்துவிட்டது. இரண்டு வருடம் தள்ளிப்போயிருந்தால் கோபுரங்கள்தான் நின்றிருக்கும். ‘மக்கள் சக்தி’ என்று மட்டும் இதைச் சொல்பவர்கள் இந்த அதிர்ஷ்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

வருமானம்? முதலில் காலி மனைகளில் கார் பார்க்கிங். 1988இல் பழைய ஷெட்டுகளின் முகப்பில் வீடு மாதிரி படம் வரைந்து, கேப்ரியல்ஸ் வார்ஃப் என்று சின்னக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். பக்கத்தில் இருக்கும், இதே நிறுவனத்தின் ஆக்ஸோ டவர் கட்டிடம்தான் எனக்குப் பிடித்தது. கீழே கைவினைக் கலைஞர்களின் கடைகள், நடுவில் ஐந்து மாடிகளில் கூட்டுறவுச் சங்கத்தின் 78 வாடகை வீடுகள், எட்டாவது மாடியில் பணக்கார ரெஸ்டாரண்ட். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். வெள்ளைத் துணி விரித்த மேஜைகளைத் தாண்டினால் ஓரத்தில் பொதுமக்களுக்கான மாடம். காப்பிகூட வாங்காமல் எதிர்க்கரையிலுள்ள செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் கோபுரத்தைப் பார்த்துவிட்டு இறங்கலாம். நிறுவனத்தில் உறுப்பினராக அந்தப் பகுதியில் குடியிருக்க வேண்டும். லாபத்தை யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

குறையும் உண்டு. கோபுரத்தை எதிர்த்துப் பிறந்த இதே நிறுவனம், அதே பகுதியிலுள்ள டூன் ஸ்ட்ரீட்டில் 43 மாடிக் குடியிருப்புக்கு 2008இல் அனுமதி வாங்கியது. அந்த வீடுகளை விற்ற காசில் அக்கம்பக்கத்துக்கு நீச்சல் குளம் கட்டுவோம் என்பது அவர்கள் வாதம். பலருக்குக் கோபம். எனக்கு அந்தக் கணக்கு தப்பாகப் படவில்லை, ஆனால் பழைய போராட்டக்காரர்கள் முகத்தைச் சுளித்தால் அதுவும் நியாயம்தான்.