மாலிப்டினம் டைசிலிசைடு உலைச் சூட்டில் எரிந்துபோகாமல் இருப்பது எப்படி?

ஒரு மாலிப்டினம் அணுவுக்கு இரண்டு சிலிக்கான் அணுக்கள் வீதம் சேர்ந்த சாம்பல் நிறச் சேர்மம் இது. உலோகம் போலவே மின்சாரத்தைக் கடத்தும். உருகுநிலை சுமார் 2,030 டிகிரி செல்சியஸ்.

ஆனால் உருகுநிலை மட்டும் உயர்வாக இருந்தால் போதாது. வெறும் மாலிப்டினம் 2,600 டிகிரி தாண்டித்தான் உருகும். இருந்தும் காற்றில் நன்றாகச் சிவக்கக் காய்ந்தாலே அதன் ஆக்சைடு ஆவியாகி, உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிடும். சிலிக்கான் சேர்ந்தால் கதையே வேறு. கடும் சூட்டில் மேற்பரப்புச் சிலிக்கான் ஆக்சிஜனோடு கூடி மெல்லிய கண்ணாடிப் படலமாகிறது. அதைத் துளைத்து ஆக்சிஜன் உள்ளே போவது மிகக் கடினம். காயத்தின் மேல் பொருக்கு கட்டுவது போலத்தான்: கீறல் விழுந்தாலும், அந்தச் சூட்டிலேயே புதுப் படலம் மூடிக்கொள்ளும். எனக்கு இதில் மிகவும் பிடித்த குணம் இதுதான்.

இதனால்தான் பீங்கான், கண்ணாடி வேலைக்கான மின் உலைகளில் இதைச் சூடேற்றும் கம்பியாக வைக்கிறார்கள். பெரும்பாலும் 'ப' வடிவத்தில் வளைத்து, மேலிருந்து செங்குத்தாகத் தொங்கவிடுவார்கள். சூட்டில் இளகும் என்பதால் அப்படி. குளிர்ந்திருக்கும்போதோ கண்ணாடி மாதிரி, தட்டினால் உடையும்.

அப்புறம், 1,700 டிகிரியைத் தாங்குவது 500 டிகிரியில் இன்னும் பத்திரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: 400 முதல் 600 டிகிரி வரை முழுமையான காப்புப் படலம் உருவாகாது, அங்கேயே நெடுநேரம் வைத்தால் பொடிந்து உதிரக்கூடும்.