"தை பிறந்ததும் மோட்டாரை மாத்தணும்" என்கிறார் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. "இனி வலிக்கு மட்டும்தான் வைத்தியம்" என்று டாக்டர் அவர் முன்னாலேயே சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து, "வெறும் வாயுத் தொந்தரவு. தை பிறந்ததும் கிணத்து மோட்டாரை மாத்தணும்" என்கிறார். உண்மையை எடுத்துச் சொல்லிப் புரியவைக்க வேண்டாமா?
- ஒரு மகள், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வேண்டாம்மா. டாக்டர் சொன்னது அவர் காதில் விழாமல் இல்லை.

வலி நிவாரணப் பிரிவில் நான் 22 வருடம் நர்ஸாக இருந்தேன். தொண்டைப் புற்றோடு ஒரு தையல்காரர் படுத்திருந்தார். பகலெல்லாம் தீபாவளி ஆர்டர் கணக்குதான். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு, "சிஸ்டர், மிஷினை மருமகன் எடுத்துக்கட்டும்னு வீட்டுல சொல்லிடுங்க" என்றார். விடிந்ததும் மறுபடி, தீபாவளிக்கு எத்தனை சட்டை என்ற பேச்சு. இரண்டுமே அவர் மனதாரச் சொன்னவை. தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இந்த நிலையை பாஸ்டன் மனநல மருத்துவர் ஏவரி வைஸ்மன் 1972-லேயே எழுதியிருக்கிறார். ஒரேயடியாகத் தாங்க முடியாததை மனசு தவணை முறையில் வாங்கிக்கொள்கிறது. அந்தத் தவணையை நாம் முடிவு செய்யக் கூடாது.

அதற்காகப் பொய்யும் சொல்லாதீர்கள். "நான் பிழைப்பேனாம்மா?" என்று அவர் கேட்கும் நாள் வரலாம். அன்றைக்கு "ஒண்ணும் ஆகாதுப்பா" என்று வாயை அடைத்துவிட்டால் அவர் திரும்பக் கேட்கமாட்டார். "உங்களுக்கு என்னப்பா தோணுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் எதுவரை தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ, அதுவரை உண்மையைச் சொல்லுங்கள். மோட்டார் பேச்சு வந்தால் மறுக்காதீர்கள். எத்தனை குதிரைத்திறன், யாரைக் கூப்பிடலாம் என்று கேளுங்கள். தோட்டத்தை யார் பார்த்துக்கொள்வது என்பது பல நேரம் அந்தப் பேச்சிலேயே வந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "வாயுவுக்கு எதுக்கு மார்பின்?" என்று அந்த வலி மாத்திரையை ஒதுக்கினால், நோயைப் பற்றி வாதாட வேண்டாம்; வலியைப் பற்றிப் பேசுங்கள். "ராத்திரி தூங்கினீங்களாப்பா? இதைப் போட்டா வலி அடங்கும்" என்றால் போதும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதிக் கொடுத்திருந்தால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுங்கள். மார்பின் மலச்சிக்கல் உண்டாக்கும்; அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

ராத்திரியில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் எழுந்து விளக்கைப் போடாதீர்கள். இருட்டிலேயே கேளுங்கள்.