வேகம் குறைந்ததும் எழுத்து சிதறுவது ஏன்?

கேள்வி: வணக்கம் சார். எங்கள் விசைத்தறிக் கொட்டகைக்கு, தறி எத்தனை பிக் (ஊடை நூல் ஒருமுறை குறுக்கே போவது) ஓடியது என்று எண்ணும் கருவியை லினக்ஸ் போர்டில் செய்திருக்கிறேன். கணக்கைக் கம்ப்யூட்டருக்கு ஒயர் வழியே அனுப்பும் சீரியல் டிரைவர் நானே எழுதியது. தறிகள் ஓடும்போது கணக்கு சரியாக வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் தறி நின்று, பிராசசர் வேகம் குறைந்ததும் கம்ப்யூட்டரில் வெறும் கிறுக்கலாக விழுகிறது. ஒயரை மாற்றியும் பார்த்தாயிற்று. வேகத்தைக் குறையவிடாமல் பூட்டிவிடலாமா? டிரைவர் கோடையும் போர்டின் கிளாக் பட்டியலையும் இணைத்துள்ளேன்.
– வாசகர், இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்

பதில்: சோதனைக்காகக் கொஞ்ச நேரம் பூட்டிப் பாருங்கள். கிறுக்கல் நின்றால் காரணம் உறுதி. உடனே அவிழ்த்துவிடுங்கள். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில், ஃபேன் இல்லாத டப்பாவுக்குள் ஒரு சிப்பை எந்நேரமும் முழு வேகத்தில் ஓட்டுவது அதற்குச் செய்யும் கொடுமை.

உங்கள் டிரைவரில் கிளாக் வேகம் (சிப்பின் துடிப்பு) 4,80,00,000 ஹெர்ட்ஸ் என்று எண்ணை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான். 1,15,200 பாட் (நொடிக்கு அத்தனை பிட் அனுப்பும் வேகம்) வேண்டும் என்று 48 மெகாஹெர்ட்ஸை 16-ஆலும், பிறகு டிவைடர் 26-ஆலும் வகுக்கிறீர்கள். 1,15,385 வருகிறது, அது போதும். ஆனால் பட்டியலைப் பாருங்கள்: சீரியல் செய்தியை அனுப்பும் பகுதியான யூஆர்ட்டும் பிராசசரும், துடிப்பை உண்டாக்கும் ஒரே பிஎல்எல் சுற்றிலிருந்துதான் கிளாக் எடுக்கின்றன. அது பாதியானதும் உங்களுக்குக் கிடைப்பது 24 மெகாஹெர்ட்ஸ். டிவைடர் இன்னும் 26-லேயே நிற்பதால் பாட் 57,692-க்கு இறங்கிவிடுகிறது. டிவைடர் 13 ஆகியிருக்க வேண்டும். டிரைவருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

தகவல் சொல்ல வழி இருக்கிறது. 2012-இல் லினக்ஸ் 3.4-உடன் காமன் கிளாக் ஃபிரேம்வொர்க் என்ற பொதுக் கிளாக் நிர்வாகப் பகுதி வந்ததிலிருந்து, எந்தக் கிளாக் எதிலிருந்து பிரிகிறது என்ற கணக்கை அதுவே வைத்துக்கொள்கிறது. எனவே எண்ணை எடுத்துவிட்டு, வேகத்தை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடம் கேளுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் பழைய கதைதான். வேகம் மாறுவதை டிரைவருக்குச் சொல்லும் கிளாக் நோட்டிஃபயரும் பதிவு செய்ய வேண்டும். வேகம் மாறுவதற்கு முன் ஓர் அழைப்பு வரும். புதிய வேகத்தில் 1,15,200 கிட்டுமா என்று அப்போதே கணக்குப் போடுங்கள். கிட்டாதென்றால் மாற்றத்தையே மறுத்துவிடலாம். கிட்டுமென்றால் அனுப்புவதையும் வாங்குவதையும் நிறுத்தி வையுங்கள். மாறிய பின் வரும் அழைப்பில் புது டிவைடரை எழுதித் திறந்துவிடுங்கள். மாற்றம் பாதியில் கைவிடப்பட்டாலும் தனி அழைப்பு உண்டு. பலர் கோட்டைவிடும் இடம் இது, அங்கேயும் திறக்க வேண்டும். சைலிங்ஸ் சின்க் சிப்புகளின் சீரியல் டிரைவர் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கெர்னல் சோர்ஸிலேயே இருக்கிறது, பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இன்னொன்று. நிறுத்தித் திறக்கும் அந்த நொடிப்பொழுதில் ஒரு செய்தி தொலையக்கூடும். ஒவ்வொரு பிக்குக்கும் தனிச் செய்தி அனுப்பாமல், அதுவரை ஓடிய மொத்தத்தை அனுப்புங்கள். ஒன்று போனாலும் அடுத்தது கணக்கை நேராக்கிவிடும். தறிக்காரருக்குக் கூலி போடுவது அந்த எண்ணை வைத்துத்தானே.