பழைய அலுமாரிக்குப் புது நிறம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அப்பம்மாவின் அலுமாரி கறுத்து மங்கிப்போய் நிற்கிறது. வெள்ளைச் சோக் பெயின்ட் (சோக் கட்டி போல மினுக்கமில்லாமல் காயும் பெயின்ட்) அடித்துத் தருகிறேன் என்கிறாள் மகள். அடிக்கலாமா ஐயா? (உப்புவெளி)

முதலில் அது என்ன மரம் என்று பாருங்கள். கதவின் உட்பக்கம், கண்ணில் படாத மூலையில், ஒரு விரல் அகலத்துக்குச் சாண்ட்பேப்பரால் தேய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பொன்மஞ்சளாக, பட்டுப்போல மினுங்கி அலையடித்தால் அது முதிரை. நம் திருகோணமலைப் பக்கத்து உலர்வலயக் காடுகளின் மரம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கப்பலேறி இங்கிலாந்துத் தளபாடங்களுக்குப் போன மரம். அதன்மேல் வெள்ளை அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன். மரத்தின் நுண்துளைகளில் பெயின்ட் இறங்கிவிட்டால் பிறகு முழுதாக எடுக்க வராது.

கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் மரமல்ல. பழைய பொலிஷும் அதில் ஏறிய புகையும் கை எண்ணெயும்தான். டர்பன்டைனில் நனைத்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். பாதிக் கறுப்பு அதிலேயே போய்விடும். அப்புறம் ஒரு மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் பழைய பூச்சு செலாக், அதாவது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பொலிஷ். அதன்மேல் புது செலாக்கை மெல்லியதாக இரண்டு மூன்று கை போட்டால் போதும், அலுமாரி எழும்பிவிடும். பூச்சு வெடித்து உரிந்திருந்தால் மட்டும் நல்ல ஓடாவி ஒருவரிடம் காட்டுங்கள்.

மகளின் ஆசையைக் கெடுக்க வேண்டாம். வீட்டில் றப்பர் மரக் கதிரையோ ஒட்டுப்பலகை றாக்கையோ இருக்குமே, அதைக் கொடுங்கள். சோக் பெயின்ட் அழகு காட்டும் இடம் அதுதான்.

சோக் பெயின்ட் விலை கட்டுபடியாகவில்லை. வீட்டிலேயே பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் போட்டுக் கலந்தேன், கட்டிகட்டியாகிவிட்டது. (கிண்ணியா)

பவுடரை நேரே பெயின்ட்டுக்குள் கொட்டியிருப்பீர்கள். ஒரு பங்கு பவுடரை ஏறத்தாழ அதே அளவு தண்ணீரில் முதலில் கரைத்து, அதன்பிறகு மூன்று பங்கு மற் இமல்ஷனில் (மினுக்கமில்லாத தண்ணீர்ப் பெயின்ட்) ஊற்றிக் கலக்குங்கள். எனாமல் சரிவராது, அது தண்ணீரோடு சேராது. பிளாஸ்டர் இறுகும் சாமான் என்பதால் உடனே அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் கலக்க வேண்டும். கல்சியம் காபனேற்றுப் பவுடர் கிடைத்தால் அதையே வாங்குங்கள், அது இறுகாது. எதுவானாலும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கலக்குங்கள்.

மேசைக்கு மூன்று கை வெள்ளை அடித்தும் மஞ்சள் கறை மேலே வருகிறது. (பாலையூற்று)

நான்காவது கையிலும் வரும். மரத்திலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளும் சாயமும் தண்ணீரில் கரையக்கூடியவை. நீங்கள் அடிப்பது தண்ணீர்ப் பெயின்ட், அது அவற்றைக் கரைத்து மேலே இழுக்கிறது. பலா மரமென்றால் சொல்லவே வேண்டாம். அதன் சிராய்களை அவித்துத்தான் பிக்குமாரின் உடைக்கு மஞ்சள் சாயம் எடுத்தார்கள். மெழுகு நீக்கிய செலாக் இரண்டு கை போட்டுக் காயவிட்டு, அதன்மேல் வெள்ளை அடியுங்கள்.

கடலுக்குக் கிட்ட வீடு. எதை அடித்தாலும் ஒரு வருடத்தில் உரிகிறது. (நிலாவெளி)

காற்றில் வரும் உப்பு மரத்தில் படிந்து ஈரத்தை இழுக்கிறது. அதைக் கழுவாமல் அடித்தால் பெயின்ட் மரத்தைப் பிடிக்காமல் உப்பைத்தான் பிடித்து நிற்கும். நல்ல தண்ணீர்த் துணியால் இரண்டு முறை துடைத்து, நிழலில் நன்றாக உலர்த்தி, 180 நம்பர் சாண்ட்பேப்பர் போட்டபிறகு தொடங்குங்கள். துருப்பிடித்த பிணைச்சல்களைக் கழற்றிவிட்டுப் பித்தளை போடுங்கள். இரும்பாணி இருந்தால் அதன் கறை பூச்சுக்கு மேலே வந்தே தீரும்.

காலமும் முக்கியம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் இந்த வேலையே வேண்டாம். கச்சான் காற்று வீசும் காலத்தில் நன்றாகக் காயும், ஆனால் அந்தச் சூட்டுக்காற்றில் தூரிகை இழுத்த தடம் மறையுமுன்பே பெயின்ட் காய்ந்துவிடும். காலையில், வீட்டுக்குள், மெல்லிய கையாக அடியுங்கள்.

சாப்பாட்டு மேசைக்கு மேல்பூச்சு மெழுகா, வார்னிஷா? (டொக்யார்ட் வீதி)

வார்னிஷ். தேன்மெழுகு 62 பாகை செல்சியஸ் அளவில் உருகும். சூடான கறிச்சட்டியை ஒருமுறை வைத்தாலே தடம் விழும். தண்ணீர் வார்னிஷ் மூன்று கை போடுங்கள். எண்ணெய் வார்னிஷ் வெள்ளையை மஞ்சளாக்கிவிடும். மெழுகு விருப்பமென்றால் படச்சட்டத்துக்கோ கண்ணாடி அலுமாரிக்கோ பூசலாம்.

என் அம்மா காலத்துத் தொட்டில். பழைய பெயின்ட்டைச் சுரண்டிப் புதிதாக அடித்துப் பேரனுக்குக் கொடுக்கலாமா? (மூதூர்)

தயவுசெய்து சுரண்டாதீர்கள் அம்மா. பெயின்ட்டில் ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் சட்ட வரம்பு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசு வீடெங்கும் படியும். சூடு காட்டி உரிப்பதும் கூடாது. குழந்தைகளுக்கு ஈயம் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. கர்ப்பிணிகளும் கிட்டப் போகக் கூடாது. மேலே புதுப் பூச்சு அடித்தாலும் பல் முளைக்கும் பிள்ளை கம்பியைக் கடிக்கும்போது பழையதும் சேர்ந்தே வாய்க்குள் போகும். தொட்டிலை ஞாபகத்துக்கு வைத்திருங்கள், பேரனுக்கு வேறொன்று எடுங்கள்.