பெரியாஸ்பத்திரிக்கு யாருக்கு நன்றி சொல்வது?

கேள்வி: வெள்ளைக்காரன் வராமல் இருந்திருந்தால் நாமெல்லாம் அம்மையிலும் காலராவிலும் போயிருப்போம் என்று என் தாத்தா சொல்வார். சென்னையில் பெரியாஸ்பத்திரி, குழாய்த் தண்ணீர், தடுப்பூசி எல்லாம் அவர்கள் கொடுத்ததுதானே? அதற்கு நன்றி சொல்ல உங்கள் பத்திரிகை ஏன் தயங்குகிறது? (ஒரு வாசகர், ஆரணி)

பதில்: தயக்கம் ஒன்றும் இல்லை. நன்றி சொல்லலாம். எதற்கு, யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் பார்த்துவிட்டுச் சொல்வோம்.

பெரியாஸ்பத்திரி, அதாவது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பொது மருத்துவமனை, 1664-இல் பிறந்தது. பிறந்த இடம் புனித ஜார்ஜ் கோட்டை. நோயில் விழுந்த கிழக்கிந்தியக் கம்பெனி சிப்பாய்களைப் படுக்கவைக்க ஏஜெண்ட் எட்வர்ட் விண்டர் காலத்தில் ஏற்பட்டது. இன்றைய இடத்துக்கு அது வந்தது 1772-இல். நம்மவர்களுக்கு அதன் கதவு திறந்தது 1842-இல். கழித்துப் பாருங்கள்: 178 வருடம். உங்கள் தாத்தாவின் தாத்தா வயிற்றுவலியோடு வந்திருந்தால்கூட வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

அதுவரை ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள்? வடசென்னைப் பெரியவர்களைக் கேளுங்கள். ஸ்டான்லி மருத்துவமனைக்கு அவர்கள் வாயில் வரும் பெயர் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’. ஹைதர் அலி படையெடுப்பில் ஊர்விட்டு ஊர் வந்து பட்டினி கிடந்தவர்களுக்கு 1782-இல் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். பசியோடு வந்தவர்கள் நோயோடும் வந்தார்கள். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கேயே ஏழைகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். பிற்பாடு கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பலகையில் எழுதினார்கள். ஜனங்கள் கஞ்சியைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

குழாய்த் தண்ணீர் என்கிறீர்கள். கேப்டன் பேக்கர் என்பவர் போட்ட திட்டப்படி 1772-இல் கிணறுகள் வெட்டப்பட்டன. அந்த வட்டாரத்துக்கு இன்றும் ஏழுகிணறு என்றுதான் பெயர். கிணறுகள் இருந்தது கறுப்பர் நகரத்தின், அதாவது கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் குடியிருந்த பகுதியின், வடகோடியில். குழாய் போனது கோட்டைக்கு. ஊருக்குக் குழாய் வந்தது சரியாக நூறு வருடம் கழித்து, 1872-இல். கொசஸ்தலையாற்றுத் தண்ணீரைச் சோழவரம், செங்குன்றம் வழியாகத் திருப்பி, திறந்த மண்கால்வாயில் கீழ்ப்பாக்கம் வரை ஓடவிட்டார்கள். வழியில் மாடு இறங்கலாம், துணி துவைக்கலாம். வடிகட்டாமல் அப்படியே குழாயில் விட்டார்கள். மணல் வடிகட்டியும் மூடிய கால்வாயும் கிடைத்தது 1914-இல்தான். அதைச் செய்தவர் மாநகராட்சிப் பொறியாளர் மேட்லி. தியாகராய நகரில் மேட்லி சாலையில் புடவை வாங்கப் போகிறவர்கள் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இந்தத் தாமதம் சோம்பலால் வந்ததில்லை. நம் சுகாதார இலாகாவின் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். 1857 கலகத்துக்குப் பின் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் உடல்நிலையை ஆராய ராயல் கமிஷன் ஒன்று உட்கார்ந்தது. வெள்ளைச் சிப்பாய்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் சாகிறார்கள் என்று 1863-இல் அது சொன்னது. சண்டையில் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்தவர்களே அதிகம். மறுவருடமே வங்காளம், பம்பாய், சென்னை மூன்றிலும் சுகாதார கமிஷன்கள் வந்துவிட்டன. சிப்பாயின் உயிர் விலை உயர்ந்தது. கப்பலில் ஏற்றி வர வேண்டும். பக்கத்துத் தெருவில் காலரா இருந்தால் அது ராணுவப் பாளையத்துக்குள் நுழையும் என்பதால் பக்கத்துத் தெருவையும் பெருக்கினார்கள். 1868-இல் வந்த தொற்றுநோய்ச் சட்டத்தைப் பாருங்கள். மேகநோய் சிப்பாய்களுக்குப் பரவாமலிருக்க, தொழில் செய்த பெண்களைப் பதிவுசெய்து, கட்டாயமாகச் சோதித்து, நோயிருந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’யில் அடைத்தார்கள். அந்தச் சட்டம் சிப்பாய்களைத் தொடவில்லை. அதை ரத்துசெய்ய இருபது வருடமாயிற்று.

காலராவின் கதை இன்னும் மோசம். தண்ணீர்தான் காலராவைச் சுமக்கிறது என்று ஜான் ஸ்நோ 1854-இல் லண்டனில் காட்டிவிட்டார். ராபர்ட் கோக் 1884-இல் கல்கத்தா வந்து குளத்துத் தண்ணீரிலேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். அப்போதும் இந்திய அரசின் சுகாதார கமிஷனர் ஜே.எம். கன்னிங்ஹாம், காலரா தொற்றும் நோயே அல்ல என்று அடம்பிடித்தார். தொற்று என்று ஒப்புக்கொண்டால் இந்தியாவிலிருந்து போகும் கப்பல்களைச் சூயஸில் நிறுத்திவைப்பார்கள், வியாபாரம் கெடும். விஞ்ஞானத்தைக் கொண்டுவந்தவர்கள் என்று நீங்கள் சொல்லும் அரசாங்கம், விஞ்ஞானம் வீட்டு வாசலுக்கே வந்தபோது கதவைச் சாத்திய சம்பவம் இது.

அம்மைக்கு வருவோம், உங்கள் தாத்தாவின் கையில் தழும்பு இருக்கும். ஜென்னர் 1796-இல் கண்டுபிடித்த பசுவம்மைப்பால் 1802 ஜூனில் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில் முதலில் பிடித்தது. அங்கிருந்து கைக்குக் கை மாறி சென்னைக்கும் வந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. 1899-இல் கிண்டியில் கிங் நிலையம் வந்து கன்றுக்குட்டிகளிடமிருந்து அம்மைப்பால் எடுத்ததும் நல்ல காரியமே. ஆனால் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு 145 வருடம் ஆண்டவர்கள், போகும்போது பெரியம்மையை இங்கேயே விட்டுப்போனார்கள். இந்தியாவில் அது ஒழிந்தது 1975-இல். வெயிலில் கெடாத உறைஉலர் மருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் கைக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் கணக்கில் ஏமாற்றியவன் ஆவேன். அந்த மருந்து கிண்டியிலும் தயாரானது.

தடுப்பூசி நம் முனிவர்களுக்கே தெரியும் என்று எழுதுகிறவர்கள் கை தட்ட வேண்டாம். மாதம் நான்கு கடிதமாவது அப்படி வருகிறது. அம்மைப் பொருக்கை எடுத்துக் குத்தும் பழக்கம் வங்காளத்தில் இருந்தது உண்மை. பசுவம்மை வேறு. பசுவம்மை குத்துவது முன்பே தெரியும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட சுலோகங்களில் கம்பெனி காலத்திலேயே புனையப்பட்டவை உண்டு.

செலவு யாருடையது என்றும் கேட்க வேண்டும். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி 1885-இல் தொடங்கியது. கட்டடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தவர் வெங்கடகிரி ராஜா; பலகையில் விக்டோரியா மகாராணியின் பெயர். கோஷா என்றால் திரைமறைவில் வாழும் பெண்கள். முழுப் பெயரில் ‘கோஷா’வோடு ‘சாதி’யும் இருந்தது: விக்டோரியா சாதி மற்றும் கோஷா மருத்துவமனை. பிரசவ வலியிலும் சாதி பார்த்தது நாம்; அதைப் பெயரிலேயே எழுதிக்கொடுத்தது அவர்கள். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி என்கிறோமே, அந்த எழுத்துகளுக்குள் இருப்பவர் ராஜா சர் ராமசாமி முதலியார்.

சரி, பெயர் சொல்லி நன்றி சொல்ல ஆசைப்படுகிறீர்கள். இரண்டு பேரைத் தருகிறேன், இருவரும் வெள்ளைக்காரர்கள்.

முதலாமவர் டாக்டர் கார்னிஷ், சென்னை மாகாணச் சுகாதார கமிஷனர். தாது வருஷப் பஞ்சத்தில் (1876-78) இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கல்கத்தாவிலிருந்து வந்து, நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். தானியம் அரை கிலோகூட இல்லை. முன்பு பீகார் பஞ்சத்தில் தாராளமாகச் செலவழித்து வாங்கிய திட்டு டெம்பிளுக்கு மறக்கவில்லை. வேலை செய்கிறவன் உடம்பு இதில் நிற்காது, இது மெல்லக் கொல்வது என்று கார்னிஷ் உடற்கூற்றுக் கணக்கோடு எழுதினார், விடாமல் எழுதினார். சில மாதங்களில் அரசாங்கம் கூலியைக் கூட்ட வேண்டியதாயிற்று. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

இரண்டாமவர் எல்லிஸ், சென்னைக் கலெக்டர். அம்மை குத்திக்கொள்ள ஜனங்கள் பயந்தபோது, சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதாக ஒரு கதையே எழுதியவர். 1818-இல் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம். கோட்டைக்கு ஏழுகிணறு இருந்தது. ஊருக்கு ஒன்றும் இல்லை. எல்லிஸ் ஊருக்குள் 27 கிணறு வெட்டினார். ராயப்பேட்டையில் பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றருகே அதைத் தமிழில் கல்லில் பொறித்தார். ‘இருபுனலும் வாய்ந்த மலையும் வருபுனலும்’ என்ற குறள் அதில் இருக்கிறது. மறுவருடம் ராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சு உள்ளே போய் இறந்துபோனார்.