குடிக்காதவர்கள் மியூனிக் பீர் விடுதிக்குக் குடும்பத்தோடு போகலாமா?

யாரும் குடிக்க மாட்டோம், மியூனிக்கின் பேர்போன பீர் விடுதியான ஹோஃப்பிரோய்ஹவுஸ் உள்ளே போகலாமா, வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மூர் ஒயின் ஷாப்பை மனதில் வைத்துத்தான் தயங்குகிறீர்கள், புரிகிறது. பீர் விடுதியில் எடுத்த என் போட்டோ ஒன்றைப் பார்த்துவிட்டு "உங்க பையன் கெட்டுப்போயிட்டான்" என்று அம்மாவுக்குப் போன் போட்ட சொந்தக்காரர்கள் எனக்கும் உண்டு.

தாராளமாகப் போங்கள், பிள்ளைகளோடு. 1589இல் பவேரியாவை (மியூனிக் இருக்கும் பகுதி) ஆண்ட ஐந்தாம் வில்ஹெல்ம் கோமகன் அரண்மனைத் தேவைக்காகத் தொடங்கிய பீர் ஆலை அது. 1828இல் முதலாம் லுட்விக் மன்னர் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் தங்கள் குவளைகளை வைத்துப் பூட்டிக்கொள்ளும் இரும்பு அடுக்குகளைப் பாருங்கள். நீள மேசையில் இடம் இருந்தால் கேட்டுவிட்டு உட்காரலாம். 'ஸ்டாம்டிஷ்' பலகை வைத்த மேசையில் மட்டும் வேண்டாம், அது வாடிக்கைக் குழுவினருக்கு.

ஆனால் அம்மா இங்கு வந்தபோது நான் அழைத்துப் போனது அவுகுஸ்டினர் கெல்லர் பீர் தோட்டத்துக்கு, அதாவது மரநிழலில் மேசை போட்ட திறந்தவெளி விடுதிக்கு. அந்தக் காலத்தில் கோடையில் பீர் காய்ச்சத் தடை. குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறையில் வைத்து, அறை சூடாகாமல் இருக்க மேலே நிழலுக்குக் கஷ்கொட்டை மரம் வளர்த்தார்கள். மக்கள் அங்கேயே உட்கார்ந்து குடிக்க ஆரம்பித்ததும் மற்ற விடுதிக்காரர்கள் பிழைப்பு போகிறதென்று முறையிட்டார்கள். 1812 ஜனவரி 4 அன்று மன்னர் மாக்ஸ் யோசஃப், ஆலைக்காரர்கள் நிலவறையில் பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு சாப்பாடு கூடாது என்று ஆணையிட்டார். அதனால் சனங்கள் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள். இன்றும் வரலாம்.

அம்மா எலுமிச்சை சாதம் கட்டிவந்தார். பக்கத்தில் ஒரு வயதான தம்பதி மேசைவிரிப்பு விரித்து, வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி, உப்புத் தூவி, நீர்விடும்வரை காத்திருந்தார்கள். அம்மாவுக்கும் ஒரு சுருள் நீட்டினார்கள். "நம்ம முள்ளங்கிதானே, பச்சையாவா திங்கிறாங்க?" என்றவர், சாதத்துக்குத் தொட்டுக்கொண்டார். பதிலுக்கு அவர்கள் தட்டிலும் சாதம் விழுந்தது. யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

இதே ஊரில் வீடு தேடியபோது, தாளிப்பு வாசனை வருமா என்று கேட்டுவிட்டு வீட்டைத் தர மறுத்தார் ஒரு வீட்டுக்காரர். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் கொடுத்த பிறகு! கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் இன்னும் ஆறவில்லை.

குடியை ஆதரிக்கிறேன் என்று யாரும் வரவேண்டாம், நானே குடிப்பதில்லை. 1920 பிப்ரவரியில் ஹோஃப்பிரோய்ஹவுஸ் மாடி அரங்கில்தான் ஹிட்லர் கட்சித் திட்டத்தை அறிவித்தான் என்பதும் தெரியும். அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

தோட்டத்தில் விடுதிக்காரர்கள் துணி விரித்து வைக்காத மேசைகளில்தான் கட்டுச்சாதத்தைப் பிரிக்கலாம், குடிப்பதை அங்கேயே வாங்க வேண்டும். ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த 'ஷோர்லெ' பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மழை வந்தால் ஹோஃப்பிரோய்ஹவுஸுக்கே போய்விடுங்கள்.