அத்தினை பேரும் பிழை விடுவினமோ?

கேள்வி: என்ரை தம்பிக்கு 24 வயசு. ஒரு வருசமா ஒரு தியானக் குழுவோடை திரியுறான். நடத்துறவர் கதைக்கத் தொடங்கினால் கேக்கிற சனம் அழுதிடும். தம்பி சம்பளத்திலை பாதியை அங்கை குடுக்கிறான். காசுக் கணக்குக் கேட்ட ஒரு பெடியனை வட்ஸ்அப் குழுவிலை இருந்து தூக்கிப் போட்டினம், இப்ப ஒருத்தரும் அவனோடை கதைக்கிறேல்லை. நான் ஏதும் சொன்னால், "டொக்டர், எஞ்சினியர் எல்லாம் வருகினம், அத்தினை பேரும் பிழை விடுவினமோ?" எண்டுறான். என்ன சொல்லுறது?
- ஒரு அக்கா, கோண்டாவில்

பதில்: விடுவினம் பிள்ளை. படிச்ச ஆக்களும் விடுவினம். 1995 மார்ச்சிலை டோக்கியோவிலை ரயிலுக்குள்ளை சரின் எண்ட நஞ்சை விட்டது ஒரு குருவின்ரை சீடர்கள், அந்த அஞ்சு பேரிலை ஒருத்தர் இதய டொக்டர், மூண்டு பேர் பௌதிகவியல் படிச்சவை.

ஆனா தம்பிக்குச் சொல்லவேண்டிய கதை இது இல்லை, ஜோன்ஸ்ரவுண் கதை. 1978 நவம்பர் 18, கயானா நாட்டுக் காட்டுக்குள்ளை ஜிம் ஜோன்ஸ் எண்ட போதகர் தன்ரை சனத்துக்கு சயனைட் கலந்த பானம் குடுத்தவர், 900 பேருக்கு மேலை செத்தது, அதிலை 300க்கு மேலை பிள்ளையள். சுத்திவரத் துவக்கோடை ஆக்கள் நிண்டதும் உண்மை, குழந்தையளுக்கு வாய்க்குள்ளை நஞ்சைப் பீச்சினதும் உண்மை, அதாலை எல்லாரும் விரும்பிச் செத்தவை எண்டு நான் சொல்லமாட்டன். அண்டைக்கு நடந்த கூட்டம் ஒலிநாடாவிலை இருக்கு. கிறிஸ்ரின் மில்லர் எண்ட ஒரு மனுசி எழும்பி, இந்தக் குழந்தையளைப் பாக்கிறன், இதுகள் வாழவேணும் எண்டு சொல்லுறா. ஜோன்ஸ் அவவுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், அவவைக் கத்திக் கத்தி அடக்கினது பக்கத்திலை நிண்ட சனம், இவ்வளவு காலமும் அவவோடை ஒண்டா இருந்து சாப்பிட்ட அதே சனம். எனக்கு இதை நினைச்சால் இப்பவும் நெஞ்சு பதறும்.

நீங்கள் குருவைப் பற்றித்தான் பயப்படுறியள், எனக்கு அவரைவிட அந்தப் பெடியனோடை கதைக்காமல் விட்ட மிச்ச ஆக்களைப் பாக்கத்தான் பயமாக் கிடக்கு. அவையளுக்கும் அந்தக் கேள்வி மனசுக்குள்ளை இருந்திருக்கும், எல்லாரும் பேசாமல் இருக்கினம் எண்டு தாங்களும் பேசாமல் இருந்திருப்பினம்.

இது எங்களுக்குப் புதுசும் இல்லை. சண்டைக் காலத்திலை 'துரோகி' எண்ட ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தினை வீட்டிலை கதவைச் சாத்திப்போட்டுக் குசுகுசுத்தவை எண்டு உங்கட அம்மாவைக் கேளுங்கோ. எல்லாப் பக்கத்தையும் கேள்வி கேட்ட ராஜனி திராணகம, எங்கட யாழ்ப்பாணக் கம்பஸிலை உடற்கூற்றியல் படிப்பிச்சவ, அவவை 1989 செப்டெம்பர் 21 சைக்கிளிலை வீட்டை போகேக்கை சுட்டுக் கொண்டுபோட்டினம். 35 வயசு. இதை நாங்கள் இன்னும் சத்தமாக் கதைக்கப் பழகேல்லை.

சரி, என்ன செய்யலாம்? சொலமன் ஆஷ் எண்ட உளவியலாளர் 1950களிலை ஒரு பரிசோதனை செய்தவர். கோட்டின்ரை நீளத்தைச் சொல்லவேணும், அவ்வளவுதான், ஆனா கூட இருக்கிற எல்லாரும் முன்கூட்டியே பேசிவச்சுப் பிழையான பதிலைச் சொல்லுவினம். நாலிலை மூண்டு பேர் ஒருக்காலாவது தங்கட கண்ணை நம்பாமல் கூட்டத்தோடை போயிட்டினம். ஆனா கூட்டத்துக்குள்ளை ஒரேயொரு ஆள் சரியான பதிலைச் சொன்னாலே காணும், அப்பிடி எடுபடுறது நல்லாக் குறைஞ்சுபோச்சு.

அந்த ஒராளா நீங்கள் இருங்கோ. கோவிச்சுக்கொண்டு "இனி வீட்டுப் படி மிதியாதை" எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, வீட்டை விட்டு வந்தவனைத்தான் இப்பிடியான குழுக்களுக்கு நல்லாப் பிடிக்கும். குருவைத் திட்டவும் வேண்டாம், திட்டினால் அவன் அவருக்காக வாதாடத் தொடங்கிடுவான். இந்த ஞாயிறு அவனைச் சாப்பிடக் கூப்பிடுங்கோ, சாப்பிட்டு முடிய, அந்தப் பெடியன் என்ன கணக்குக் கேட்டவன், அதுக்கு என்ன பதில் குடுத்தவை எண்டு கேளுங்கோ. அவன் சொல்லுமட்டும் நீங்கள் வாய் திறக்காதேங்கோ. என்ன சொன்னவன் எண்டு எனக்கும் ஒரு வரி எழுதி அனுப்புங்கோ.